இங்கன வச்சிட்டுப் போ

தாணுமாலையனின் மூச்சிழுப்பு புகையறைக்குள்ளிருந்து கேட்டது. தாணுமாலையனோ பிரம்மநாயகிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

அகப்பையைப் பிடித்திருந்த அவள் கை அந்தரத்தில் நின்றது. வெளியே ஐப்பசி மழை விடிந்ததிலிருந்து ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுச் சரிவிலிருந்து முற்றத்தில் விழும் தண்ணீரின் இரைச்சல், அடுக்களையில் ஈர விறகு சீறும் ஓசை, வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கஞ்சியை உறிஞ்சும் சத்தம், இவை எல்லாவற்றுக்கும் அடியில், கூடத்தின் வடகோடியில் சாத்திக்கிடந்த கதவுக்குப் பின்னாலிருந்து அது வந்தது. எண்ணெய் காணாத செக்கு பாதிச் சுற்றில் திக்கி நின்று மறுபடி சுற்றத் தொடங்குவதைப் போல. உள்ளே இழுக்கும்போது நீளமாக இழுபடும். வெளியே விடும்போது இரண்டாக உடையும்.

தாணுவின் இழுப்புதான். அந்த விடுதியில் ஒவ்வொரு பிள்ளையின் இழுப்பையும் அவள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். பால்வண்ணனுடையது கொதிக்கிற உலையின் மூடி தட்டிக்கொள்வது போல இருக்கும். அவள் பெற்ற மகன் நாறும்பூநாதனுடையது முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கீச்சாகும், கூட்டிலிருந்து தவறி விழுந்த அணில்குஞ்சு கத்துவது போல. இருமல் வேண்டுமானால் ஒன்றைப் போல ஒன்று இருக்கலாம். இழுப்பு அப்படி இல்லை. அது முகத்தைப் போல.

அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டு அவள் எழுந்து போனாள். புகையறையின் கதவு வெளியே சங்கிலி போட்டுக் கிடந்தது. பலகையில் காதை வைத்தாள். மரம் ஈரத்தில் சில்லிட்டிருந்தது. காய்ந்த ஊமத்தை இலையும் வெடியுப்பும் சேர்ந்து எரிந்த பழைய நெடி பலகைச் சந்துகளிலிருந்து கசிந்தது. இழுப்பு மிகப் பக்கத்தில் கேட்டது. பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ அவளைப் போலவே காதை வைத்துக்கொண்டு நிற்பது போல.

சங்கிலியைக் கழற்றினாள். சத்தம் நின்றது. ஓய்ந்து நின்றது போல இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டது போல நின்றது.

உள்ளே ஒன்றும் இல்லை. புகை படிந்து கறுத்த சுவர்கள், பிள்ளைகள் உட்காரும் மரப்பலகை, சாம்பல் ஆறிக்கிடந்த மண்சட்டி, கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு சாளரப் பொந்து. அவ்வளவுதான். அவள் கதவைச் சாத்திச் சங்கிலியை மாட்டித் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால், பைய, செக்கு மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

அந்த வீடு ஒரு காலத்தில் ஒரு மிராசுதாரின் நெல் களஞ்சியமாக இருந்தது. மேற்கே மலை சுவராக எழுந்து நிற்கும். கிழக்கே கடனாநதி. ஆற்றைத் தாண்டினால் ஆழ்வார்குறிச்சி. சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் குற்றாலலிங்கம் பிள்ளை அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து, இழுப்பு நோய்ப் பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்கென்று ஒரு பள்ளிக்கூடம் நடத்திவந்தார். மலைக்காற்று நெஞ்சைத் திறக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. காலையில் கஷாயம், பிறகு பாடம், வெயில் இருந்தால் ஆற்றங்கரையில் நடை. தயிர் கிடையாது, வாழைப்பழம் கிடையாது. முடியாத பிள்ளை பாடத்துக்கு வர வேண்டாம். மற்றப் பள்ளிகளில் வாத்தியாரின் அடிக்கும் கூடப் படிப்பவர்களின் கேலிக்கும் பயந்து கிடந்த பிள்ளைகள் இங்கே வந்துதான் முதல்முதலாகச் சிரித்தார்கள்.

பிரம்மநாயகிக்குச் சொந்த ஊர் சேரன்மகாதேவி. புருஷன் வாந்திபேதியில் போன பிறகு, ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டு கிடக்கிற பிள்ளையையும் அவளையும் வைத்துக்கொள்ளப் புருஷன் வீட்டாருக்கு மனமில்லை. டாக்டர் அவளுக்குத் தூரத்து உறவு. "பிள்ளையும் படிக்கட்டும், நீயும் மத்தப் பிள்ளைகளைப் பாத்துக்கோ" என்று கூட்டிவந்தார். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் அவள் இந்த வீட்டுக்குள் நுழைந்தாள்.

இழுப்பு முற்றிப்போகிற பிள்ளையைப் புகையறையில் உட்காரவைத்து, ஊமத்தை இலையைக் கனலில் போட்டு, அந்தப் புகையை இழுக்கச் சொல்லுவார்கள். மற்ற ஊர்களிலும் செய்கிற வைத்தியம்தான். ஒரு பொழுது தணியும், பிறகு திரும்ப வரும். எப்போதும் அப்படித்தான் இருந்தது, இந்த மழை தொடங்குகிற வரைக்கும். முந்தாநாள் தாணுவைக் கொண்டுபோனார்கள். உதடு நீலம் பாரித்துப் போனவன், வரும்போது தானாக நடந்து வந்தான். அதன் பிறகு அவனுக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

அவள் திரும்பி வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"கொதிக்குதுலே. ஊதிக் குடி."

அவன் ஊதவில்லை. அப்படியே குடித்தான். வரிசையில் மற்றப் பிள்ளைகளின் கிண்ணங்களிலிருந்து எழுந்த ஆவி அவர்கள் மூக்கடியில் கலைந்து சிதறியது. தாணுவின் கிண்ணத்து ஆவி மட்டும், காற்றுப் புகாத கர்ப்பக்கிரகத்தில் எரியும் விளக்கின் புகையைப் போல, அவன் மூக்கை உரசிக்கொண்டு நூலாக நேரே மேலே போனது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது ஒரு தடவைகூட அசையவில்லை.

"தாணு, அந்த அறைக்குள்ள என்னலே நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலையே அத்தை."

"அத்தைகிட்ட சொல்லு ராசா."

அவன் கிண்ணத்தை வழித்துக்கொண்டே சொன்னான். "பாரமா இருக்கான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அப்பம் இங்கன வச்சிட்டுப் போன்னாங்க. வச்சிட்டேன்."

"யாரு கேட்டா? டாக்டர் ஐயாவா?"

"அவரு வெளியதான நின்னாரு."

பிறகு கிண்ணத்தை நீட்டி இன்னும் கஞ்சி கேட்டான்.

அன்றைக்கு முற்பகலில் டாக்டர் கூடத்தில் பாடம் நடத்தினார். மார்கழி வாக்கில் டில்லியில் சக்கரவர்த்திக்கு முடிசூட்டு விழா. அதையொட்டி எல்லாப் பள்ளிகளிலும் பிள்ளைகள் ஏதாவது ஒப்பிக்க வேண்டும். தாணு எழுந்து பதினாறாம் வாய்ப்பாடு சொன்னான். வழக்கமாக நாலாவது வரியிலேயே திணறி நிற்பவன். இன்றைக்கு நிற்கவே இல்லை. பதினாறு முடிந்து பதினேழு, பதினேழு முடிந்து பதினெட்டு. குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே எல்லாரும் விடுகிற அந்தச் சின்ன இடைவெளி எங்குமே இல்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற பிரம்மநாயகிக்கு, அவனுக்காகத் தன் நெஞ்சில் மூச்சு முட்டுவது போல இருந்தது.

பாடம் கலைந்ததும் டாக்டரின் அறைக்குப் போனாள்.

"ஐயா, தாணு நெஞ்சுல குழலை வச்சுப் பாக்கணும்."

"பாத்தாச்சும்மா. சுத்தமா இருக்கு. ஒரு கீச்சு இல்லை."

"கீச்சைக் கேக்கலை ஐயா. மூச்சு இருக்கா?"

 மேசையில் கிடந்த குழலைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தார்.  பெட்டியை மூடினார்.

"எனக்கு ஒரு மக இருந்தா, தெரியுமா ஒனக்கு? இழுத்து இழுத்தே செத்துப்போனா. ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கிறவன், பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வேற ஒண்ணும் செய்ய முடியலை." ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நாளைக்கு அந்தப் பையனோட தாய் தகப்பன் வருதாங்க. இழுப்பு இல்லாத பிள்ளைய அவங்க கையில குடுக்கப்போறேன். அதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காதம்மா."

"அப்பம் ஒங்களுக்கும் அந்தச் சத்தம் கேக்கு. அந்த அறைக்குள்ள..."

"பிள்ளைகளுக்குக் கஷாயம் குடுக்கிற நேரம். போ."

மறுநாள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து தாணுவின் பெற்றோர் வந்தார்கள். தகப்பன் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தாய் ஓடிவந்து மகனை வாரி அணைத்து, பழக்கத்தில் அவன் மார்பில் காதை வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்தது. காதை எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு முன்னைவிடப் பலமாகச் சிரித்தாள். "பாத்தீங்களா, சத்தமே இல்லை! எம்பிள்ளை நெஞ்சுல சத்தமே இல்லை!"

அவள் குரல் கூடத்தில் ஒலித்த அந்த நேரத்தில் புகையறைக்குள் இழுப்பு வேகமெடுத்தது. தாயின் குரலைக் கேட்டுவிட்ட பிள்ளை எழுந்திருக்கப் பார்ப்பது போல. பலகையின் கீழ்ப்பாகத்தில், ஒரு சிறுவனின் கை எட்டுகிற உயரத்தில், நகம் உரசுகிற மெல்லிய ஓசை. வண்டி புறப்பட்டது. தாணு பின்னால் உட்கார்ந்து கையசைத்தான். உள்ளே உரசல் நெடுநேரம் ஓயவில்லை.

அடுக்களைக்காரி ஞானாம்பாள் அன்று முழுவதும் தலையை நிமிர்த்தவில்லை. பிரம்மநாயகி பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அவளாகவே முணுமுணுத்தாள்.

"எனக்கும் கேக்கும் நாயகி. அதனாலதான் நான் இந்த அடுப்படிய விட்டு வெளிய வாறதில்லை. விறகு வெடிக்கிற சத்தத்துல எல்லாம் அமுங்கிப் போயிரும்."

"என்ன மதினி அது?"

"எனக்கு எப்படித் தெரியும்? இந்த வீட்டுல நெல்லு கிடந்த காலத்துலயும் அந்த அறைக்குள்ள ஆளுக தனியாப் போகமாட்டாகளாம். நீ ஒம்பிள்ளையப் பாரு. வேற எதையும் பாக்காதே."

பால்வண்ணனுக்கு அடுத்த வாரம் இழுப்பு முற்றியது. மழை விடாத ஒரு சாயங்காலம். அவனைச் சுவரோடு சாய்த்து வைத்து, நெஞ்சில் சூடான உப்பு ஒத்தடம் கொடுத்து, முதுகைத் தடவித் தடவிப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. விலாவுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து போனது. உலைமூடி தட்டுகிற அந்தச் சத்தம் மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டே வந்தது. அடங்குவது நல்லதற்கில்லை என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் புகையறைக் கதவருகே நின்றார். அவளைப் பார்த்தார். பிள்ளையின் விரல்நகங்கள் கறுத்துவிட்டன.

அவளே போய்ச் சங்கிலியைக் கழற்றினாள்.

பால்வண்ணன் தானாக நடந்து வெளியே வந்தான். "பசிக்கு அத்தை" என்றான். மழைக்குளிரில் மற்றப் பிள்ளைகளின் வாயிலிருந்தெல்லாம் ஆவி வந்துகொண்டிருந்தது. பேசினபோதுகூட அவன் வாயிலிருந்து வரவில்லை. கதவுக்குப் பின்னால் இப்போது செக்கும் உலைமூடியும் சேர்ந்து கேட்டன.

அதற்குப் பிறகு அவளுக்கு உறக்கம் என்று ஒன்று இல்லை. பிள்ளைகள் படுத்திருக்கும் கூடத்தில் தன் பாயை மகனின் பாய்க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, நாறும்பூவின் வயிற்றில் கையை வைத்தபடி கிடப்பாள். ஏறி இறங்கும். ஏறி இறங்கும். அது போதும். ஒரு விடியற்காலையில் அவன் கம்பளியை வாய்க்குள் திணித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டுப் பிடுங்கினாள். கண்ணெல்லாம் தண்ணீர். இழுப்பு வந்திருந்தது. வெளியே கேட்காமல் அமுக்கிக்கொண்டு கிடந்திருக்கிறான்.

"ஏன்யா இப்படிச் செய்யுத?"

"டாக்டர் ஐயாவுக்குக் கேட்டிரும்." ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று சொன்னான். "தாணு ஊருக்குப் போகலைம்மா. உள்ளதான் இருக்கான். அம்மா அம்மான்னு அழுவுதான். பால்வண்ணனும் அழுவுதான்."

"ஊருக்குப் போன பிள்ளை பேரைச் சொல்லாதய்யா. தூங்கு."

"அங்கன இன்னொருத்தரும் இருக்காரும்மா. அவரு அழலை. அவரு சும்மா கேட்டுக்கிட்டு இருக்காரு."

விடிந்ததும் அவள் தீர்மானம் செய்துவிட்டாள். விடுதிக்கு அரிசியும் விறகும் கொண்டுவருகிற நூகுவின் கூண்டு வண்டி அன்று மத்தியானம் வரும். அதில் ஆற்றங்கரை வரைக்கும் போய், தோணியில் அக்கரை சேர்ந்துவிட்டால் ஆழ்வார்குறிச்சியில் ரயில் ஏறலாம். புருஷன் வீட்டு வாசலில் கிடந்தாலும் சரி. மகன் ராத்திரி முழுக்க இழுக்கட்டும். அவன் இழுப்பு அவனிடமே இருக்கட்டும்.

மத்தியானம் மேகம் மலையிலிருந்து இறங்கி முற்றத்துக்கே வந்துவிட்டது. உச்சிப்பொழுதிலேயே கூடத்தில் விளக்கேற்ற வேண்டியிருந்தது. டாக்டர் உண்ட மயக்கத்தில் படுத்திருந்தார். அவள் நாறும்பூவைக் கம்பளியில் சுற்றிப் பாயில் படுக்கவைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் நூகுவைக் கண்டாள். நரைத்த தாடியோடு, சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மாட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எம்பிள்ளையக் கூட்டிக்கிட்டு இப்பமே போயாகணும். வண்டிய இங்கனயே வச்சிருங்க. யாருகிட்டயும் சொல்லவேண்டாம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.  "பைய வாங்க தாயி. மாட்டை அவுக்கலை."

அவள் திரும்பிக் கூடத்துக்குள் நுழைந்தாள்.

பிள்ளைகள் எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் இருமவில்லை. விளக்குத் திரி படபடத்துக்கொண்டிருந்தது.

பாய் காலியாக இருந்தது.

"எங்கலே நாறும்பூ?"

ஒரு பிள்ளை திரும்பாமலே சொன்னான். "அவனுக்கு ரொம்ப முடியலை அத்தை. டாக்டர் ஐயா தூக்கிட்டுப் போனாரு."

புகையறையின் வாசலில் டாக்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து, முழங்காலுக்குள் தலையைப் புதைத்து, இரண்டு கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பிடித்துத் தள்ளினாள். மூட்டை போலச் சரிந்தார். தலையை நிமிர்த்தவில்லை. கையை எடுக்கவில்லை.

கதவு உள்ளே போனது.

புகை. கண்ணில் ஊசி. கசப்பு தொண்டைக்குள் இறங்கியது. சட்டியில் கனல் சிவப்பாக ஒரு பொட்டு, அதற்கு மேல் எல்லாம் கருப்பு. பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

இழுப்புகள். அவளைச் சுற்றி. செக்கு. உலைமூடி. அவளுக்குத் தெரியாத வேறு சில, இவற்றைவிட ரொம்பப் பழையவை, காய்ந்த ஓலை உரசுவது போல. எல்லாம் இடுப்பு உயரத்திலிருந்து வந்தன. சேலைக் கொசுவத்தை ஏதோ பற்றியது. சின்ன விரல்கள். ஒரு கை, பிறகு இன்னொரு கை. கெஞ்சுகிற கைகள். அவள் உதறினாள். மறுபடி பற்றின.

அறையின் கோடியில் ஒன்று மட்டும் இழுக்கவில்லை. அது இருந்தது. கவனித்துக்கொண்டிருந்தது.

"நாறும்பூ!"

கீச்சு. வலப்பக்கம். அணில்குஞ்சின் கீச்சு.

அவள் அதன்மேல் விழுந்தாள். மரப்பலகை முழங்காலில் இடித்தது. கம்பளி கைக்கு அகப்பட்டது. உள்ளே உடம்பு. வாரித் தோளில் போட்டாள். காதோரத்தில் நீளமாக ஓர் இழுப்பு, முடிவில் அந்தக் கீச்சு. இருக்கிறது. இன்னும் இருக்கிறது. அவன் அதைக் கொடுத்துவிடவில்லை. கதவை இழுத்துத் திறந்தாள். ஓடினாள்.

வண்டி புறப்பட்டது. மழை கூண்டின்மேல் கல்லெறிவது போல விழுந்தது. சேற்றில் சக்கரம் இறங்கி ஏறியது. வைக்கோல் வாசமும் ஈர மாட்டின் வாசமும். மகனைக் கம்பளியோடு மடியில் கிடத்தி, முகத்தைத் தன் சேலைத் தலைப்பால் மூடி மழைக்கு மறைத்து, குனிந்து கேட்டுக்கொண்டே போனாள். இழுப்பு. கீச்சு. இழுப்பு. கீச்சு. பிள்ளை இழுக்கிறது என்று ஒரு தாய் சந்தோஷப்பட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"முடியுதா ராசா?"

தலைப்புக்குள் தலை அசைந்தது.

"இன்னும் கொஞ்சந்தான். ஆத்தைத் தாண்டிட்டா எல்லாம் சரியாப் போயிரும். பேசவேண்டாம். மூச்சை இழுத்து விடு. ஆங், அப்படித்தான்."

இழுப்பு. கீச்சு.

கடனாநதி செம்மண் நிறத்தில் கரை ததும்பப் போய்க்கொண்டிருந்தது. மழை அங்கே குறைந்து, மேற்கே மேகத்துக்கு அடியில் மஞ்சளாக ஒரு கோடு வெளிச்சம் கிடந்தது. தோணி அக்கரையில் நின்றது. நூகு மாட்டை அவிழ்க்கப் போனார். பிரம்மநாயகி மகனைக் கூண்டுக்குள் வைக்கோலில் சாய்த்து வைத்துவிட்டு இறங்கி, படித்துறைக்குப் போய்க் கையை வீசிக் கத்தினாள்.

"தோணிக்காரரே! இங்கன வாங்க! முடியாத பிள்ளை இருக்கு!"

அக்கரையில் யாரோ கழியைத் தூக்கிக் காட்டினார்கள். தோணி அசைந்தது. அவள் நெஞ்சில் கையை வைத்து நின்றாள். வந்துவிட்டோம். இனி பயமில்லை. ஆற்றின் இரைச்சலுக்கு நடுவே மகனின் இழுப்பைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

பிறகுதான் உறைத்தது.

வண்டி மேட்டில் நிற்கிறது. இந்த இரைச்சலில் அங்கிருந்து கேட்காது.

ஓரடி தள்ளி நின்றாள். சத்தம் குறையவில்லை. தண்ணீருக்குள் கணுக்கால் நனைய இறங்கினாள். குறையவில்லை. அதே அளவு. அதே பக்கத்தில். இடது தோளுக்கு மேலே. காதுமடலில் வெதுவெதுப்பாக மோதி மோதி.

மேட்டிலிருந்து நூகுவின் குரல் சந்தோஷமாக வந்தது. "தாயி! இங்கன வந்து பாருங்க! பிள்ளைக்குச் சரியாயிட்டு! என்ன பேச்சுப் பேசுதான்!"

அவள் மெல்லத் திரும்பினாள்.

நாறும்பூ வண்டியின் பின்பலகையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். கம்பளியைத் தூக்கி எறிந்திருந்தான். வெற்று மார்பு. கன்னத்தில் ரத்த ஓட்டம்கூடத் தெரிந்தது. மாட்டின் கொம்பைப் பற்றி, ஆற்றைப் பற்றி, தோணியைப் பற்றி, ரயிலைப் பற்றி, நூகுவிடம் பேசிக்கொண்டே இருந்தான். நிற்காமல். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே எதுவும் இல்லாமல். மஞ்சள் வெளிச்சம் அவன் மார்பில் நேராக விழுந்தது. அசையாத சுவரில் விழுந்தது போல.

"அம்மா, பாரமே இல்லைம்மா. தோணி வருது. வா, போவோம்."

இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டிச் சிரித்தான்.

தோளுக்கு மேலே இழுப்பு விரைந்தது. திணறியது. கீச்சு. ஒரு சொல்லைச் சொல்லப் பார்த்தது. அந்தச் சொல்லின் முதல் எழுத்தோடு அடைத்துக்கொண்டது. மறுபடி இழுத்தது.

பிரம்மநாயகி கையைத் தூக்கி, எப்போதும் அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிற வாக்கில், பின்னால் வெறும் காற்றில் வைத்தாள். அவள் உள்ளங்கைக்குள், சின்ன விலா எலும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.